இருபது நிமிட ஆணை

பள்ளிப் பருவத்தை எண்ணிப் பார்த்தால், காலஅட்டவணையில் வாரத்துக்கு இரண்டு கட்டங்களில் எழுதப்பட்டிருந்த 'விளையாட்டு' என்னும் சொல் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பாடவேளையில் உண்மையாக என்ன நடந்தது என்பதும் கூடவே நினைவுக்கு வரும். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் கணக்கு ஆசிரியர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மழை பெய்தால் வகுப்பறையிலேயே அடைந்து கிடக்க வேண்டும். டிரில் மாஸ்டர் விடுப்பில் இருந்தால் வாயில் விரலை வைத்து உட்கார வேண்டும். எஞ்சிய நாள்களில் அவர் ஒரே ஒரு பந்தை எறிந்துவிட்டு வேப்பமர நிழலுக்குப் போய்விடுவார்; பதினைந்து பேர் ஆடுவோம், முப்பது பேர் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்போம். ஒரு முறை பள்ளி ஆய்வாளர் வந்தார். அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் விளையாட்டு இருந்தது.

இது ஏதோ நம் ஊருக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணிவிட வேண்டா. செல்வமும் வசதியும் மிக்க கனடா நாட்டில், ஒன்டாரியோ மாநிலத்தில், குழந்தைகள் நாள்தோறும் உடலை அசைத்தே ஆக வேண்டும் என்று அரசு ஆணை பிறப்பித்தது. அந்த ஆணை என்ன ஆயிற்று என்பதைப் பலர் பலவிதமாக அளந்து பார்த்திருக்கின்றனர். அவ்வாறு அளந்த முறைகளையும், அவை காட்டிய உண்மைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆகவே இதனை விளையாட்டைப் பற்றிய கட்டுரை என்பதைவிட, ஓர் அரசாணை பலித்ததா இல்லையா என்று சொல்வது எத்துணைக் கடினம் என்பதைப் பற்றிய கட்டுரை எனலாம்.

ஆணையின் வாசகம்

2005ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒன்டாரியோவின் கல்வி அமைச்சகம் 138ஆம் எண்ணுள்ள கொள்கைக் குறிப்பாணையை வெளியிட்டது. 1ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை பயிலும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும், பள்ளி நடைபெறும் ஒவ்வொரு நாளும், பாடநேரத்துக்குள்ளேயே, குறைந்தது 20 நிமிடம், மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடற்செயலில் தொடர்ச்சியாக ஈடுபட வேண்டும் என்பது அதன் சாரம். உடற்குறை உள்ள குழந்தைகளுக்கும் இது பொருந்தும். உடற்கல்வி வகுப்பு உள்ள நாளில் அந்த வகுப்பிலேயே 20 நிமிடமும் நிறைவேறினால் அதுவே போதும். இல்லாத நாளில் வகுப்பாசிரியரே நடத்திவிட வேண்டும்.

இந்த வாசகத்தில் ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனை என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஒவ்வொரு நாளும்' என்பதால் வாரக் கணக்குக் காட்டித் தப்ப முடியாது. 'பாடநேரத்துக்குள்' என்பதால் இடைவேளையில் ஓடியது கணக்கில் சேராது. 'மிதமானது முதல் கடுமையானது வரை' என்பதால் மெல்ல உலாவியது சேராது. மூச்சு வாங்க வேண்டும். 'தொடர்ச்சியாக' என்பதால் அரை நிமிடம் ஓடி ஐந்து நிமிடம் நிற்பதும் சேராது. ஆணையை எழுதியவர் கவனத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் பள்ளி நேரம் நீட்டப்படவில்லை. மொழிக்கும் கணக்குக்கும் உரிய நேரத்திலிருந்துதான் இந்த 20 நிமிடத்தையும் எடுத்தாக வேண்டும்.

அதே 2005இல் மற்றொரு மாநிலமாகிய ஆல்பர்ட்டா நாளுக்கு 30 நிமிடம் என்று விதித்தது. பிரிட்டிஷ் கொலம்பியா 2008இல் இவ்வழியைப் பின்பற்றியது. டென்மார்க் நாடு 2014இல் செய்த பள்ளிச் சீர்திருத்தத்தில் நாளுக்குச் 'சராசரி' 45 நிமிடம் என்று விதித்தது. சராசரி என்ற அந்த ஒரு சொல் எத்தனை வாயில்களைத் திறந்துவிடுகிறது என்பது புள்ளியியல் படித்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

அணையும் கடைமடையும்

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால், இத்தனை ஆயிரம் கன அடி என்று அணையின் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் கடைமடை உழவன் கேட்பது வேறு கேள்வி: என் வயலுக்கு வந்ததா? இடையே ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால், மதகு என்று எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கசியும், கொஞ்சம் மடைமாறும்.

பள்ளி ஆணையும் அப்படித்தான். அமைச்சகம் ஆணையிடுகிறது. கல்வி வாரியம் பள்ளிக்கு அனுப்புகிறது. தலைமையாசிரியர் ஆசிரியரிடம் சொல்கிறார். ஆசிரியர் நேரம் ஒதுக்குகிறார். அந்த நேரத்தில் குழந்தை போதிய வேகத்தில் அசைகிறது. அதனால் அதன் முழு நாளின் அசைவும் கூடுகிறது. அவ்வாறு கூடியதால் இதயமும் தசையும் வலுப்பெறுகின்றன. இத்தனை மதகுகளையும் தாண்டிய பிறகே 'கொள்கை வென்றது' என்று சொல்ல இயலும். குழந்தைகளின் எடை குறையவில்லை என்ற ஒன்றை மட்டும் பார்த்துக் கொள்கை தோற்றது என்பார் உளர். நீர் வராத வயலில் பயிர் காய்ந்தது என்பதற்காக விதையைக் குறை கூறலாமா? முதலில் எந்த மதகில் நீர் நின்றது என்று பார்ப்பதே முறை.

ஒன்டாரியோவில் மேல் மதகிலேயே ஒரு குறை வெளிப்பட்டது. அம்மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளர் தமது 2013ஆம் ஆண்டறிக்கையில், குழந்தைகளுக்கு இந்த 20 நிமிடம் கிடைக்கிறதா என்பதை அமைச்சகமும் முறையாகக் கண்காணிக்கவில்லை, தணிக்கைக் குழுவினர் நேரில் சென்று பார்த்த வாரியங்களும் பள்ளிகளும் கண்காணிக்கவில்லை என்று சுட்டிக்காட்டினார். ஆணை பிறந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பிறகு! வரவு செலவைத் தணிக்கை செய்பவர் குழந்தைகள் குதித்தார்களா என்று கேட்டது சிலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். எனக்கு அது மிகவும் பொருத்தமாகவே படுகிறது.

அடுத்த மதகு ஆசிரியர். 2014இல் அம்மாநிலப் பொதுச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பள்ளித் தலைவர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வினாநிரல் அனுப்பி விடை பெற்றனர். முடிவுகள் 2016இல் வெளியாயின. தம் பள்ளியில் ஆணை உள்ளபடி நிறைவேறுகிறது என்று சொன்ன பள்ளித் தலைவர்கள் 61.4 விழுக்காடு. தம் வகுப்பில் நிறைவேறுகிறது என்று சொன்ன ஆசிரியர்கள் 50 விழுக்காடு. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அணைக்கு அருகில் நிற்பவர் கண்ணுக்கு நீர் கூடுதலாகத் தெரிகிறது. ஒரு மடை கீழே இறங்கினால் குறைந்துவிடுகிறது. இந்த 50 விழுக்காடும் ஆசிரியர்கள் தாமே சொன்னது. கேள்விக்கு விடை எழுதி அனுப்ப முன்வந்தவர்கள் சொன்னது. செய்யாதவர்கள் பலர் விடையே அனுப்பாமல் இருந்திருக்கக் கூடும்.

எங்கே ஆணை நிறைவேறியது என்றும் அதே ஆய்வு காட்டியது. ஆணையின் நிபந்தனைகளை நன்கு அறிந்திருந்த இடங்களில், அட்டவணையில் அதற்கென்று நேரம் குறித்திருந்த இடங்களில், யாரேனும் கண்காணித்த இடங்களில், துணைக் கருவிகளைப் பயன்படுத்திய இடங்களில், 'இது செய்யக்கூடியதே' என்று ஆசிரியர் நம்பிய இடங்களில் அது கூடுதலாக நிறைவேறியது. அட்டவணையில் எழுதுவதால் மட்டும் பயனில்லை என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். ஆனால் அட்டவணையில்கூட எழுதாவிட்டால் நிலைமை அதைவிட மோசம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இடுப்பில் கட்டிய சாட்சி

சொல்லைக் கேட்டாயிற்று. இனி உடலைக் கேட்க வேண்டும். இதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்துவது முடுக்கமானி என்னும் சிறு கருவி. தீப்பெட்டி அளவே இருக்கும்; பட்டையில் கோத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டிவிடுவார்கள். உடல் மேலும் கீழுமாக எழும்பும்போது ஏற்படும் முடுக்கத்தை அது விடாமல் பதிவு செய்யும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பதிவு இருந்தால் மிதமான அசைவு, அதற்கும் மேலே போனால் கடுமையான அசைவு என்று பகுத்துக்கொள்வர். இந்தச் சாட்சிக்கும் குறைகள் உண்டு. சைக்கிள் ஓட்டும்போது இடுப்பு அதிகம் எழும்பாது. ஆகையால் அதைக் குறைத்தே சொல்லும். நீந்தப் போகும்போது பொதுவாகக் கழற்றி வைத்துவிடுவார்கள். ஆயினும், 'ஓடினேன்' என்று வாயால் சொல்வதைவிட இது நம்பத் தக்கது.

டொராண்டோ நகரில் 16 பள்ளிகளைச் சேர்ந்த 5, 6ஆம் வகுப்புக் குழந்தைகள் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு இக்கருவியைக் கட்டி ஆய்ந்தனர். (ஈழத்திலிருந்து சென்று குடியேறிய தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் அது, அந்த ஆணைக்கு உட்பட்டு வளர்ந்தவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.) 2012இல் கனடாவின் பொதுச் சுகாதார ஆய்விதழில் முடிவு வெளியாயிற்று. நாள்தோறும் உடற்செயல் நேரம் பெற்ற குழந்தைகள் பாதிக்கும் குறைவு. 20 நிமிடம் தொடர்ச்சியாக, ஆணை கேட்ட வேகத்தில் அசைந்த குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவரும் இல்லை.

ஆயிரம் பேரில் ஒருவர்கூட இல்லை என்பதைப் படித்தவுடன் ஆசிரியர்கள்மீது கோபம் வருவது இயல்பு. சற்றுப் பொறுத்து, 20 நிமிடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வகுப்பறைக்குள் நாமே நுழைந்து பார்ப்போம். முப்பது குழந்தைகள் இருக்கிறார்கள். புத்தகங்களை மூடச் சொல்ல வேண்டும். மேசை நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்த வேண்டும். உடற்பயிற்சிக் கூடம் வேறொரு வகுப்பிடம் இருக்கும். வெளியே போகலாம் என்றால் பனிக்காலம். சிறு பிள்ளைகளுக்குக் கனத்த மேலங்கி, காலணி, கையுறை மாட்டி முடிப்பதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். ஆட்டத்தின் விதியைச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கு மறுபடியும் சொல்ல வேண்டும். பிறகு மூச்சு அடங்கி, மேசைகள் திரும்பி, பாடம் தொடங்க வேண்டும். கடிகாரத்தில் 20 நிமிடம் ஓடியிருக்கும். குழந்தையின் கால் ஓடியது ஏழெட்டு நிமிடம்தான் இருக்கும். ஆசிரியர் 'நடத்தினேன்' என்று எழுதுவது பொய்யன்று. கருவி 'இல்லை' என்று எழுதுவதும் பொய்யன்று. இருவரும் வெவ்வேறு பொருளை அளந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. குழந்தைகள் தாமாக விளையாடுவதை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓடும், நிற்கும், குனிந்து எதையோ பொறுக்கும், மறுபடி பாயும். 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 6 முதல் 10 வயதுக் குழந்தைகளை நொடிக்கணக்கில் கவனித்து எழுதினார்கள். கடுமையான அசைவு ஒவ்வொன்றும் நீடித்த கால அளவின் நடுவெண் வெறும் 3 நொடி! அவ்வாறிருக்க, இடைவிடாத 20 நிமிடம் என்பது வளர்ந்தவர்களின் உடற்பயிற்சி வழக்கத்தைக் குழந்தையின் முதுகில் ஏற்றுவதாகாதா? டொராண்டோவின் சுழியம் பள்ளிகளின் தவற்றைக் காட்டுகிறது. ஓரளவு அளவுகோலின் தவற்றையும் காட்டுகிறது. 'தொடர்ச்சியாக' என்ற சொல்லை எடுத்துவிட்டு மொத்த நிமிடத்தைக் கூட்டினால் விடை வேறாக இருக்கும் என்பது என் கருத்து. மதிப்பீடு செய்ய வருபவர் ஆணையை வேதமாகக் கொள்ளாமல் அதன் வாசகத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

அந்த ஆய்விலேயே ஆறுதலான செய்தியும் இருக்கிறது. நாள்தோறும் உடற்செயல் நேரம் பெற்ற குழந்தைகள், பெறாதவர்களைவிடக் கூடுதலாக அசைந்தனர். ஆனால் இதை வைத்து உடனே முடிவு கட்டிவிடலாகாது. நாள்தோறும் தவறாமல் நடத்தும் பள்ளி, மற்றவற்றிலும் நல்ல பள்ளியாக இருக்கலாம்; பெரிய திடலும் ஊக்கமுள்ள ஆசிரியரும் அங்கே முன்பே இருந்திருக்கலாம். ஆணைக்கு முன்னும் பின்னும் ஒரே பள்ளிகளில் கருவி கட்டி அளந்திருந்தால் ஐயம் தீரும். டொராண்டோ ஆய்வு ஒரு காலத்தில் எடுத்த ஒற்றைப் படம். மாநிலம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஆணையிட்டுவிட்டால், ஆணை இல்லாத பள்ளி என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பாதிப் பள்ளிகளில் முதலாண்டும் மீதிப் பள்ளிகளில் மறு ஆண்டும் தொடங்கியிருந்தால் செலவு கூடாமலே ஓர் அரிய சோதனை கிடைத்திருக்கும்.

மாலையில் என்ன செய்கிறது குழந்தை?

பள்ளியில் ஓடிய குழந்தை களைத்து, வீட்டில் படுத்துவிட்டால் என்ன ஆவது? இந்த ஐயத்தை எழுப்பியது தென்மேற்கு இங்கிலாந்தின் பிளிமத் பகுதியில் நடந்த ஆய்வு. 2003இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. மூன்று பள்ளிகள், 215 குழந்தைகள். வசதி மிக்க ஒரு பள்ளியில் வாரத்துக்கு 9 மணி நேரம் உடற்கல்வி. மற்ற இரண்டில் 2.2 மணியும் 1.8 மணியும். முடுக்கமானி கட்டிப் பார்த்தால், குழந்தைகளின் மொத்த அசைவு மூன்று பள்ளிகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது! பள்ளியில் குறைவாக ஓடியவர்கள் வெளியே அதை ஈடுகட்டிவிட்டார்கள். உடம்புக்குள்ளேயே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து வரவு செலவைச் சமன் செய்கிறார் போலும் என்று சிலர் கருதலாயினர்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. 2000இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், சில நாள்களில் குழந்தைகளுக்குப் பள்ளியில் ஓடியாட வாய்ப்பே கொடுக்காமல் வைத்துப் பார்த்தார்கள். அந்த நாள்களின் மாலையில் அவர்கள் ஈடுகட்டவில்லை. பள்ளியில் ஓடியாடிய நாள்களின் மாலையில்தான் கூடுதலாக அசைந்தார்கள். பிளிமத்தில் ஒப்பிட்டது வெவ்வேறு பள்ளிகளின் வெவ்வேறு குழந்தைகளை. இங்கே ஒப்பிட்டது அதே குழந்தைகளை வெவ்வேறு நாள்களில். இரண்டாவது முறை வலிமையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் 2019இல், பள்ளிவழித் திட்டங்கள் பற்றிய 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், குழந்தைகளின் முழு நாள் அசைவு கூடியதற்குச் சான்று இல்லை என்று கண்டனர். அவை எல்லாம் குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து, கருவி கட்டி அளந்த சோதனைகள். இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். பள்ளியில் ஓடவைப்பது பயனற்றது என்பது ஒன்று. ஓடவைக்கிறோம் என்று சொன்ன பள்ளிகள் உண்மையில் ஓடவைக்கவில்லை என்பது மற்றொன்று. இடை மதகுகளை அளக்காமல் கடைமடையை மட்டும் அளந்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியே கிடையாது.

படிப்புக் கெட்டுவிடுமே என்னும் அச்சத்துக்கும் ஒரு சொல். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், துருவா-ரிவியேர் நகரிலும் ஒரு சிற்றூரிலும், 1970இல் தொடங்கி ஆறாண்டுக் காலம் 546 தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு உண்டு. ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதல் உடற்கல்வி. அதற்காக ஏனைய பாடங்களின் நேரம் 13, 14 விழுக்காடு குறைந்தது. முதல் வகுப்பில் அவர்களுடைய மதிப்பெண் சற்றே பின்தங்கியது. இரண்டாம் வகுப்பு முதல் மற்றவர்களை முந்திவிட்டது. விளையாட்டுப் பீரியடைக் கேட்டு வாங்கும் கணக்கு ஆசிரியர்கள் இதை அறிந்திருக்க நியாயமில்லை.

ஒன்டாரியோ 2017இல் தன் குறிப்பாணையைத் திருத்தி மறுபடி வெளியிட்டது. 20 நிமிடம் என்ற எண் மாறவில்லை. ஸ்லோவேனியா என்னும் சிறு நாடு வேறு வழியில் போயிற்று. 1980களிலிருந்து ஆண்டுதோறும் நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டம், தாவல், வளைவு, உடற்பருமன் ஆகியவற்றைப் பள்ளியிலேயே அளந்து எழுதி வருகிறார்கள். எனவே 2020இல் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, குழந்தைகளின் உடல்திறன் எவ்வளவு சரிந்தது என்பதை அந்நாடு ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டில் எண்ணாகவே தெரிந்துவிட்டது.

நம் நாட்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018இல், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளை உடற்கல்வி கட்டாயம் என்று அறிவித்தது. முடுக்கமானிக்கு விலை அதிகம். ஆனால் 1991இல் அமெரிக்க உடற்கல்வி ஆய்வாளர்கள் வகுத்த எளிய முறை ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு 10 நொடி பார்ப்பது, அடுத்த 10 நொடியில், அது படுத்திருந்ததா, உட்கார்ந்திருந்ததா, நின்றதா, நடந்ததா, அதனினும் கடுமையாக அசைந்ததா என்று ஓர் எண்ணைக் குறிப்பது, மீண்டும் பார்ப்பது. ஒரு பாடவேளைக்கு நூறுக்கு மேற்பட்ட எண்கள் கிடைக்கும். கைக்கடிகாரம் ஒன்று, கட்டம் போட்ட தாள் ஒன்று, வேப்பமர நிழலில் உட்காராத மாணவர் இருவர் போதும். அடுத்த ஆண்டு எங்கள் புள்ளியியல் துறை மாணவர்கள் பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியரின் இசைவோடு இதைச் செய்து பார்ப்பதென்று பேசியிருக்கிறோம். தாள்கள் அச்சடித்தாகிவிட்டன.